ஆம்ப்ளிபயர்ல ஒரு குறையும் இல்ல

அந்தப் பொட்டியில மட்டும் கால் படாம பாத்துக்கங்க சார். தப்பா நெனைக்காதீங்க. மேல வைக்கலாம்னா தூக்க முடியல, இருபத்திரண்டு கிலோ. போர்ட்டர்கிட்டக் குடுக்க மனசு வரல, நானே தோள்ல வெச்சு எழும்பூர்ல படியேறி வந்தேன். அறுபது வயசாச்சு எனக்கு.

ஆம்ப்ளிபயர் சார். பாட்டுக் கேக்கற செட்டுக்கு மூளை மாதிரி இது. மெட்ராஸ்ல ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டிட்டுத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போறேன். இவரோட மூணு பேரு பாத்தாச்சு. மூணு பேரும் ஒண்ணே சொல்றாங்க. இதுல ஒரு குறையும் இல்லையாம். குறை இல்லாமயா நான் இதைத் தூக்கிட்டு ஊர் ஊரா அலையறேன்?

நான் மின்வாரியத்துல முப்பத்திமூணு வருசம். ஃபோர்மேனா ரிடையர் ஆனேன். கரண்டு விசயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது. அதை மொதல்லயே சொல்லிடறேன்.

எனக்குப் பாட்டுக் கேக்கறது ஒண்ணுதான். சீட்டு கெடையாது, சிகரெட்டு கெடையாது, டீக்கடையில நின்னு அரசியல் பேசறது கெடையாது. நாகல் நகர்ல வாடகை வீட்டுல இருந்தப்ப சின்னதா ஒரு செட்டு வெச்சிருந்தேன். பத்துக்குப் பத்து ரூமு. கட்டிலு, பீரோ, எம் பொண்ணு அபிநயாவோட புஸ்தகம், எம் பொஞ்சாதி இந்திராணி தைக்கறதுக்கு வாங்கி வெச்ச துணி மூட்டை, எல்லாம் அதுக்குள்ளதான். அந்தக் குப்பைக்கு நடுவுல உக்காந்து கேப்பேன். நல்லாத்தான் இருக்கும். ஆனா மனசுல என்ன ஓடும்னா, இந்த அடசலுக்குள்ளயே இப்பிடி இருக்கே, பெருசா, சுத்தமா ஒரு ஹாலு இருந்தா எப்பிடி இருக்கும்.

ரிடையர் ஆனதும் பைபாஸ் பக்கம் வீடு கட்டுனேன். மாடியில பாட்டுக்குன்னே ஒரு ஹாலு, இருபதுக்குப் பதினாறு. தரை பூரா மார்பிளு. ஒரு பக்கச் சுவரு முழுசும் கண்ணாடி, நின்னு பாத்தா சிறுமலை தெரியும். ஒரு நாற்காலி, ஒரு செட்டு, ரெண்டு ஸ்பீக்கரு. வேற ஒரு தூசு கெடையாது. குடி போயி சாமானெல்லாம் எறக்கி வெச்சுட்டு மொத மொத பாட்டுப் போட்டேன் சார். கெணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி இருந்துச்சு. ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள அடுத்த வார்த்தை அது மேல வந்து விழுவுது. மிருதங்கம் தகரத்துல தட்டற மாதிரி கேக்குது.

சரி, சின்ன செட்டு, பெரிய எடத்துக்குப் பத்தலன்னு நெனைச்சேன். யாரா இருந்தாலும் அதான நெனைப்பாங்க? அந்தப் பழைய செட்டை என் மச்சினன் சௌந்தரபாண்டிக்குக் குடுத்துட்டேன். சும்மாத்தான் குடுத்தேன், ஒரு பைசா வாங்கல.

சௌந்தரபாண்டி இந்திராணிக்கு ஒரே தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால குஷன் கடை வெச்சிருக்கான். சோபா, வேன் சீட்டு, மெத்தை, அதெல்லாம் தெச்சுக் குடுப்பான். எட்டாவதோட நின்னவன். உழைப்பாளி, இல்லேங்கல. எங்க வீட்ல எது ஒண்ணுன்னாலும் அவன்தான் வருவான். அபிநயா சடங்குக்கு அவன் கொண்டு வந்த தாய்மாமன் சீரு தெருவே பேசுச்சு.

புது வீட்டுக்கு நான் மொதல்ல ஸ்பீக்கரை மாத்துனேன். அப்பறம் வயரை மாத்துனேன். அப்பறம் கரண்டு சுத்தமா வரணும்னு மீட்டர்லேர்ந்து தனி லைன் இழுத்தேன், நானே இழுத்தேன். எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறுது, ஆனா அந்தக் கெணறு போகல. கோயம்புத்தூர்ல இந்த மாதிரி செட்டு விக்கற ஒருத்தர் பழக்கம். கேக்கறப்பெல்லாம் "ஒரு படி மேல போங்க சார்"ம்பாரு. நானும் போயிட்டே இருந்தேன்.

அப்ப ஒரு நாள் அக்காவைப் பாக்க வந்த சௌந்தரபாண்டி மாடிக்கு ஏறி வந்தான். வாசல்ல நின்னு ஒரு பாட்டு முழுசாக் கேட்டான். அப்பறம் ஹாலுக்கு நடுவுல போயி கையைப் பட்டுன்னு ஒரு தட்டுத் தட்டுனான்.

"கேட்டீங்களா மச்சான்?"

"என்னத்த மாப்ள?"

மறுபடியும் தட்டுனான். "நான் ஒரு தட்டுதான் தட்டுனேன். எத்தனை கேக்குது பாருங்க. பூரா கல்லும் கண்ணாடியுமா இருக்கு, சத்தம் உக்கார எடமில்ல மச்சான். அங்கிட்டும் இங்கிட்டும் முட்டிக்கிட்டு அலையுது. செட்டு மேல தப்பில்ல. நாரும் பஞ்சும் வெச்சு மெத்தை மாதிரி அடிச்சு நாலு சுவத்துலயும் மாட்டுனா அடங்கிரும். எங்கிட்ட வெட்டுத் துண்டு நெறையக் கெடக்கு, நான் அடிச்சுத் தாரேன்."

நான் சிரிச்சுட்டேன். குஷன் கடைக்காரன்கிட்ட எதைக் கேட்டாலும் குஷன் போடச் சொல்லத்தான செய்வான். "மாப்ள, இது எலக்ட்ரானிக்ஸு. வேன் சீட்டு இல்ல"ன்னேன். அவனும் சிரிச்சுட்டுக் கீழ எறங்கிட்டான். எதுத்துப் பேச மாட்டான். அது ஒண்ணு அவன்கிட்ட.

அதுக்கப்பறம்தான் இந்த ஆம்ப்ளிபயர். கோயம்புத்தூர் போயி லாட்ஜுல நாலு நாள் தங்கி, ஒவ்வொண்ணா மாட்டச் சொல்லிக் கேட்டுப் பாத்து எடுத்தேன். அபிநயா அங்கதான் கம்பெனியில வேலை பாக்குது, சாயங்காலம் அதுவும் வந்து உக்காரும். அந்தக் கடைக்காரர் ரூமு இருக்கே, சினிமா தியேட்டர் மாதிரி சுவரெல்லாம் துணி ஒட்டி, தரையில காலு பொதையற மாதிரி கம்பளம் விரிச்சு வெச்சிருப்பாரு. அந்த ரூம்ல இதைக் கேட்டேன் பாருங்க, உடனே முடிவு பண்ணிட்டேன். இதான் சார் நம்ம வீட்டுக்கு வேணும்னு சொல்லிட்டேன்.

டாக்சி வெச்சுக் கொண்டு வந்து எறக்கி மாடிக்குப் போறேன், என் ஹாலு என் ஹாலாவே இல்ல. சுவரு பூரா மெத்தைப் பலகை, எட்டு பலகை. கண்ணாடியை மறைச்சுக் கனமா ஒரு திரைச்சீலை. தரையில பவானி ஜமக்காளம் ரெண்டு சேத்து விரிச்சிருக்கு. அக்காளும் தம்பியும் பேசி வெச்சுக்கிட்டு, நான் ஊர்ல இல்லாத நாலு நாள்ல பண்ணியிருக்காங்க. சௌந்தரபாண்டி தலையெல்லாம் நார்த் தூளு, ரெண்டு விரல்ல துணி சுத்தியிருக்கான். நான் மொதல்ல பாத்தது எதைத் தெரியுமா? பலகைக்கு நாலு ஸ்க்ரூ. புதுப் பெயிண்ட்டுச் சுவத்துல முப்பத்திரண்டு ஓட்டை.

கோவம் வந்துச்சு. ஆனா ஆம்ப்ளிபயரை மாட்டிக் கேக்கற அவசரம். அப்பறம் பேசிக்கலாம்னு மாட்டுனேன். ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டேன்.

சார், என்னன்னு சொல்றது. ஊதறவரு மூச்சு இழுக்கறது கேக்குது. பக்கத்துல தவில்காரரு மெதுவா "ஆகா"ங்கறது கேக்குது. எங்கப்பா செத்ததுக்குக் கூட நான் அழுவல, அன்னிக்கு அந்த நாற்காலியில உக்காந்து அழுதேன்.

பாட்டு முடிஞ்சதும் சௌந்தரபாண்டி கேட்டான். "நல்லாருக்கா மச்சான்?"

"ஆம்ப்ளிபயருன்னா இதுதான் மாப்ள"ன்னேன்.

அப்பவே கோயம்புத்தூருக்குப் ஃபோன் போட்டு, அவங்க ரெண்டு பேரு முன்னாலயே, "நீங்க தெய்வம் சார்"னு கடைக்காரர்கிட்டச் சொன்னேன். சௌந்தரபாண்டி காப்பி குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டு, "வரேன்க்கா"ன்னு கெளம்பிட்டான். அவன் தலை மறைஞ்சதும் இந்திராணி புடிச்சுக்கிட்டா. "நாலு நாளாக் கடையப் பூட்டிட்டு அடிச்சிருக்கான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" நான் என்ன சொல்றது? நானா கேட்டேன்? ஓட்டையைப் பத்தி ஒண்ணும் சொல்லாம விட்டனே, அதே பெருசு. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன்.

ரெண்டு மாசம் சார். என் வாழ்க்கையில அந்த ரெண்டு மாசம் மாதிரி இருந்ததில்ல. எங்களுக்குன்னு வாட்சப்புல ஒரு குரூப்பு உண்டு, பாட்டுக் கேக்கறவங்க. அதுலேர்ந்து ஆறு பேரை வரச் சொல்லி விருந்து வெச்சேன். எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க. ஆனா ஒருத்தரு, ரிடையர்டு தாசில்தாரு, சுத்திப் பாத்துட்டு "என்ன சார், சோபாக் கடைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு கலரு சார், வெட்டுத் துண்டுதான. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

அந்தச் சமயம் பாத்து அபிநயாவுக்கு வரன் அமைஞ்சுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து வீட்டைப் பாக்கறாங்க. இந்தக் கோலத்துல காட்ட முடியுமா? சௌந்தரபாண்டிய வரச் சொல்லி, "நீ மாட்டுனதுதான, நீயே கழட்டிரு மாப்ள"ன்னுட்டு நான் பேங்குக்குப் போயிட்டேன். வந்து பாத்தா எல்லாத்தையும் கழட்டி, ஓட்டையை வெள்ளைச் சிமெண்டு வெச்சு அடைச்சு, பலகையெல்லாம் லோடு ஆட்டோவுல ஏத்திக் கொண்டு போயிட்டான். ஜமக்காளத்தையும் இந்திராணி சுருட்டி உள்ள வெச்சுட்டா. ஹாலு பளபளன்னு பழையபடி ஆயிருச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் பாட்டுப் போட்டேன். போச்சு. மறுபடி கெணறு.

நீங்களே யோசிச்சுப் பாருங்க சார். காலையில நல்லாக் கேட்ட செட்டு. நடுவுல அந்த ரூம்ல இருந்தது ஒரே ஆளு. கையில ஸ்க்ரூ ட்ரைவரு. ஆம்ப்ளிபயருக்குப் பின்னால பாத்தா ஒரு ஸ்க்ரூவுல கீறலு. முப்பத்திமூணு வருசம் ஃபால்ட்டு கண்டுபிடிக்கற வேலை பாத்தவன் நான். கடைசியா யாரு தொட்டது? அதான் மொதக் கேள்வி.

இல்லை, உடனே கேட்டுடல. ஒரு வாரம் பொறுத்தேன். அப்பறம் அவன் கடைக்குப் போனேன். கடையின்னா ஒரு பாதை மாதிரி நீளமா இருக்கும். ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் ஸ்பான்ச்சு, ரெக்சின் உருளை, பஞ்சு மூட்டை. அந்த மூட்டைக்கு மேல நான் குடுத்த பழைய செட்டு பாடிக்கிட்டு இருக்கு. சார், அது பாடுன பாட்டு! என் புது ஹால்ல இத்தனை சாமான் வாங்கிப் போட்டும் வராத சத்தம், பதினஞ்சு வருசப் பழைய செட்டுல வருது. தெளிவா, பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி. அதுக்குள்ள என்ன இருந்தா அது அப்பிடிப் பாடும், சொல்லுங்க.

கடையில ரெண்டு தையக்காரங்க இருந்தாங்க. சீட்டு மாத்த வந்த ஒரு வேன் டிரைவரு இருந்தாரு. நான் கோவமாப் பேசல. தன்மையாத்தான் கேட்டேன். "மாப்ள, என் செட்டுலேர்ந்து எதையாவது எடுத்து இதுல மாட்டியிருந்தா குடுத்துரு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

மிஷினு நின்னு போச்சு. சௌந்தரபாண்டி கத்திரிக்கோலைக் கீழ வெச்சான். என்னையவே பாத்தான். அப்பறம் பாட்டை நிறுத்திட்டு, செட்டைத் தூக்கி என் முன்னால பலகையில வெச்சு, ஒவ்வொரு ஸ்க்ரூவாக் கழட்டுனான். ஆறு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கிக் காட்டுனான். உள்ள தூசி, ஒரு காஞ்ச பல்லி, நான் எப்பவோ பத்த வெச்ச வயரு. டிரைவரு எட்டிப் பாத்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

"பாத்துக்கிட்டீங்களா மச்சான்?"

"நான் வரேன்னு தெரிஞ்சா எடுத்து வெச்சிருக்க மாட்டியா"ன்னு கேட்டுட்டேன். வாயில வந்துருச்சு.

அவன் திருப்பி மூடி, அந்தச் செட்டை ஒரு ஆட்டோவுல ஏத்தி என்னையும் ஏத்தி விட்டான். ஆட்டோக்காரர்கிட்ட, "பாத்துப் போங்கண்ணே, பள்ளத்துல எறக்காதீங்க"ன்னான். அவ்வளவுதான்.

அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு வெச்சுட்டு இந்திராணி கேட்டா. "எந்தம்பியைத் திருடன்னு சொன்னீங்களாமே." நான் திருடன்னு சொல்லல சார். எடுத்திருந்தா குடுத்துருன்னுதான் சொன்னேன். எடுத்திருந்தா. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அதை அவகிட்ட விளக்கமாச் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தா. மறுநாள் காலையில ரெண்டு பை, அவ தையல் மிஷினு, துணி மூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிட்டா. சண்டை போடல. பால் அடுப்புல இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு மாசமாச்சு.

ஆவணியில நிச்சயதார்த்தம். மாடி ஹால்லதான் வெச்சோம். இந்திராணி காலையில விருந்தாளி மாதிரி ஆட்டோவுல வந்து எறங்குனா. எல்லா வேலையும் பாத்தா, எல்லாருகிட்டயும் சிரிச்சுப் பேசுனா. சௌந்தரபாண்டி வரல, அவன் சம்சாரத்துகிட்டச் சீர்த் தட்டு குடுத்து விட்டிருந்தான். மாப்பிள்ளையோட அப்பா கேட்டாரு, "தாய்மாமன் எங்கங்க?" கடையில அவசர வேலைன்னு சொல்லிச் சமாளிச்சேன். அபிநயா என் முகத்தைப் பாத்துச்சு. அதுக்கப்பறம் ஃபோன் பண்ணினாலும், சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதோட வெச்சுரும்.

போன வாரம் பத்திரிகை வந்துச்சு. ஐப்பசியில கல்யாணம். தாய்மாமனுக்குத்தான மொதப் பத்திரிகை வைக்கணும். யோசிச்சேன். வயசுல பெரியவன் நான், நாமதான் எறங்கிப் போகணும்னு முடிவு பண்ணி, வெத்தலை பாக்கு பழத்தோட அவன் வீட்டுக்கே போனேன். வாங்க மச்சான்னு கூப்பிட்டு நாற்காலி போட்டான். இந்திராணி தண்ணி கொண்டு வந்து வெச்சுட்டுக் கதவோரமா நின்னா. பத்திரிகையைக் குடுத்துட்டு நான் சொன்னேன். "மாப்ள, போனது போகட்டும். நான் உன்னை மன்னிச்சுட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்கல."

எத்தனை பேருக்கு சார் அந்த மனசு வரும்?

அவன் பத்திரிகையைக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "புள்ளைக்குச் செய்ய வேண்டியதை நான் ஒரு குறையும் இல்லாமச் செய்வேன் மச்சான். மண்டபத்துக்கு முந்தின நாளே வந்துருவேன். உங்க வீட்டுக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

நான் இந்திராணியப் பாத்தேன். "நீ எப்ப வர்ற?"ன்னேன்.

"நானும் மண்டபத்துக்கு வந்துருவேன்"னா.

"அதுக்கப்பறம்?"

"தம்பி சம்சாரத்துக்குக் கடையில ஆளு பத்தல"ன்னுட்டு உள்ள போயிட்டா. இது ஒரு பதிலா? மன்னிச்சுட்டேன்னு சொன்னப்பறமும் இப்பிடி. நான் இன்னும் என்ன செய்யணும்னு எனக்குப் புரியல சார்.

சரி, ஆம்ப்ளிபயராவது சரியாகட்டும்னுதான் மெட்ராஸுக்குக் கெளம்புனேன். அந்த மெக்கானிக்கு வயசானவரு, மயிலாப்பூர்ல ஒரு சந்துல கடை. பழைய ரேடியோ, புஸ்தகக் கட்டு, அட்டைப் பொட்டி, காலு வைக்க எடமில்ல. அதுக்குள்ள இதை மாட்டிப் பாடவிட்டாரு. நல்லாத்தான் பாடுச்சு. ஒரு மணி நேரம் பாடவிட்டுப் பாத்தாரு.

"உங்க ரூம்ல என்னென்ன சார் இருக்கு?"ன்னாரு.

"ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா வெச்சிருக்கேன். ஒரு நாற்காலி, அவ்வளவுதான்."

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"இப்ப நான் மட்டும்தான்."

ஆம்ப்ளிபயரை அணைச்சு வயரைச் சுருட்டி வெச்சாரு. அப்பறம், "போயி ரெண்டு ஜமக்காளம் வாங்கிப் போடுங்க சார், சுவத்துக்கு ஏதாவது மாட்டுங்க"ன்னாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. வேலை தெரியாதவங்க எல்லாரும் கடைசியில இந்தத் துணிக்குத்தான் வராங்க. கோயம்புத்தூர்க்காரருக்குப் ஃபோன் பண்ணினேன். இதையே வாங்கிக்கிட்டு அடுத்த மாடலு தரேங்கறாரு. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. நிச்சயத்தன்னிக்கு, சாப்பாடு முடிஞ்சு அம்பது அறுபது பேரு அந்த ஹால்ல நெருக்கியடிச்சு உக்காந்திருந்தாங்க. பந்தல்காரரு விரிச்ச ஜமக்காளத்து மேல. பிள்ளைங்க மடியில, பொம்பளைங்க பட்டுச் சேலை சரசரக்க. மாப்பிள்ளையோட அப்பா, "ஏதோ பெரிய செட்டு வெச்சிருக்கீங்களாமே, ஒரு பாட்டுப் போடுங்க"ன்னாரு. மனசில்லாமத்தான் போட்டேன். சார், அன்னிக்கு வந்துச்சு. அதே நாதஸ்வரம், அதே மூச்சு. சுவத்தோரமா நின்ன இந்திராணி என்னைப் பாத்தா, நானும் பாத்தேன். எனக்கு உடனே தோணுனது, ஆஹா, எங்கயோ லூசா இருந்தது சரியாயிருச்சு.

சாயங்காலம் ஒவ்வொருத்தராக் கெளம்புனாங்க. பந்தல்காரரு ஜமக்காளத்தைச் சுருட்டிக்கிட்டுப் போனாரு. அபிநயா அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போச்சு. கடைசியா இந்திராணி பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு ஆட்டோ ஏறுனா. மேல போயி அதே பாட்டைப் போட்டேன். இல்ல. ஆளு இருந்தா வருது, போனா போயிருது. இப்பிடி ஒரு ஃபால்ட்டை என் சர்வீஸ்ல நான் பாத்ததில்ல.

திண்டுக்கல் வந்துரும் இன்னும் ஒரு மணி நேரத்துல. எறங்குனதும் நேரா வீட்டுக்குப் போயி இதை மாட்டிப் பாக்கணும். எனக்கே என் காதுல சந்தேகம் வந்துருச்சு. கூட ஒரு ஆளு உக்காந்து கேட்டுச் சொன்னா தேவலை. பக்கந்தான் சார் வீடு, ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோவுல கால் மணி நேரம். காப்பி நானே போடுவேன். நீங்க எங்க எறங்கறீங்க?

மதுரையா.

இல்ல, சும்மா கேட்டேன்.